பின் சில்லுகளுக்கு நீளம் மாற்றக்கூடிய ஆர்ம் தெரிவு செய்தல்: யாழ்ப்பாணத்தில் ஓடும் ஒரு சுபாரு இம்பிரேசா பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்குரிய வாகனம் 2003 ஆம் ஆண்டில் தயாரிக்கப்பட்ட சுபாரு இம்பிரேசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். 2.0 லீற்றர் டர்போ இயந்திரமும் நான்கு சில்லு இழுவையும் கொண்ட இந்தக் கார், யாழ்ப்பாணத்தில் வசிக்கும் ஒருவருக்குச் சொந்தமானது. 2020 ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், இருக்கின்ற பழைய வாகனத்தையே திருத்தி நெடுங்காலம் ஓட்டுவது என்று முடிவெடுத்த பலரில் அவரும் ஒருவர். மாதத்தில் ஒரு தடவையேனும் ஏ9 வீதியால் கொழும்புக்குப் போய் வருவார். வார இறுதிகளில் பண்ணைத் தாம்போதியால் தீவுப் பக்கமோ, பொன்னாலைத் தாம்போதியால் காரைநகருக்கோ போவார். இவ்விரு பழக்கங்களையும் முதலிலேயே பதிந்து வைப்பது அவசியம், ஏனெனில் பின்னால் எடுத்த தீர்மானங்களில் பாதி, நீண்ட நேர்வீதி ஓட்டத்தையும் மீதி கடலுப்பையும் பொறுத்தே அமைந்தன.

காரின் முந்தைய உரிமையாளர் மூல ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுக் குட்டையான ஸ்பிரிங்குகளைப் பூட்டியிருந்தார். அதனால் பின்பக்கம் ஏறத்தாழ 35 மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தது. மூல ஸ்பிரிங்குகள் எங்கே போயின என்று எவருக்கும் தெரியவில்லை.

உரிமையாளரின் முறைப்பாடுகள் இரண்டு. பின் டயர்கள் 9,000 கிலோமீற்றருக்குள் உட்புற விளிம்பில் நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டன என்பது ஒன்று. ஆனையிறவு வெளியில் சோளகக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது காரின் பின்பக்கம் தானாகவே திசை மாற முயல்கிறது என்பது மற்றது. டயர் உட்புறம் தேய்வதற்குக் காரணம் தாழ்த்தியதால் கூடிய கேம்பர்தான் என்று அவரிடம் பலர் சொல்லியிருந்தனர். வாகனத்தின் முன்னால் நின்று பார்க்கும்போது சில்லின் மேற்பகுதி உட்பக்கம் சாய்ந்திருப்பதையே எதிர்மறைக் கேம்பர் என்கிறோம். அதைக் குறைப்பதற்கு நீளம் மாற்றக்கூடிய ஆறு ஆர்ம்கள் (சில்லை வண்டியின் உடலோடு பிணைக்கும் தண்டுகள்) கொண்ட ஒரு தொகுதியை, அதாவது நான்கு குறுக்கு ஆர்ம்களையும் இரண்டு டிரெய்லிங் ஆர்ம்களையும், வாங்க அவர் முடிவு செய்திருந்தார். “அண்ணை, செற் கொழும்பில இருக்கு, காசும் ஆயத்தம். நீங்கள் பூட்டித் தந்தால் போதும்” என்பதே, இந்த வேலையை மேற்பார்வை செய்த என்னிடம் அவர் கேட்டது.

நான் அன்று எதையும் பூட்டவில்லை. அளந்து பார்க்காமல் ஆர்ம் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

பின் சஸ்பென்ஷனின் அமைப்பு

இதைச் சுருக்கமாக விளக்காவிட்டால் அடுத்து வருபவை புரியாது. இந்தத் தலைமுறை இம்பிரேசாவில் ஒவ்வொரு பின் சில்லும் மேலே ஸ்பிரிங்கும் அதிர்வு தாங்கியும் சேர்ந்த ஒரு ஸ்ட்ரட்டாலும் கீழே மூன்று ஆர்ம்களாலும் பிடிக்கப்பட்டிருக்கிறது. முன்னோக்கிச் செல்லும் டிரெய்லிங் ஆர்ம், சில்லு முன்பின்னாக நகராமல் தடுக்கிறது. ஒன்றுக்கு முன்னால் ஒன்றாக, ஏறத்தாழ இணையாக நிற்கும் இரண்டு குறுக்கு ஆர்ம்கள், சில்லின் அடிப்பகுதி உள்ளும் வெளியும் போகாமல் தடுக்கின்றன. அவ்விரண்டின் வெளி முனைகளும் சில்லைத் தாங்கும் ஹப் உடலினூடாகச் செல்லும் ஒரே நீண்ட போல்டில் தங்கியுள்ளன. பின் குறுக்கு ஆர்மின் உள் முனையில் மட்டும் மையம் விலகிய ஒரு போல்ட் இருக்கிறது. அதைத் திருப்பினால் பின் ஆர்ம் சற்று உள்ளேயோ வெளியேயோ நகர, சில்லு நோக்கும் திசை, அதாவது டோ, மாறும். தொழிற்சாலை தந்த சரிசெய்யும் வசதி அவ்வளவுதான். பின் கேம்பரை மாற்ற மூல அமைப்பில் வழியில்லை.

இரண்டு குறுக்கு ஆர்ம்களையும் ஒரே அளவு குட்டையாக்கினால் சில்லின் அடி உள்ளே வரும், எதிர்மறைக் கேம்பர் குறையும். ஒன்றை மட்டும் குட்டையாக்கினால் கேம்பரை விடப் பன்மடங்கு அதிகமாக டோ மாறிவிடும். இந்த உறவைச் சரியாக மனதில் வைத்திருக்காமல் இந்தக் காருக்கு ஆர்ம் தெரிவு செய்ய முடியாது.

முதல் அளவீட்டில் கண்டவை

உரிமையாளர் முன்னர் சென்ற ஓரிடத்தில் முன் சில்லுகளை மட்டும் சரிபார்த்துவிட்டு, பின் சில்லில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பியிருந்தார்கள். ஆகவே நான்கு சில்லுகளையும் சேர்த்து அளக்கும் கருவியில் ஏற்றி, எரிபொருள் பாதித் தாங்கியளவு இருக்க, டயர் அழுத்தத்தைச் சமப்படுத்தி அளந்தோம். பின் இடது சில்லின் கேம்பர் −2.2 பாகை, பின் வலது −2.5 பாகை. டோவைப் பொறுத்தவரை இடது சில்லு 0.25 பாகை வெளிநோக்கியும், வலது சில்லு 0.10 பாகை உள்நோக்கியும் இருந்தன.

இந்த இலக்கங்களைக் கழற்றி வைத்த டயர்களோடு ஒப்பிட்டபோதுதான் விடயம் வேறு திசைக்குப் போயிற்று. நூல் தெரியத் தேய்ந்திருந்தது இடது டயர். வலது டயரிலும் உட்புறத் தேய்வு இருந்தது, ஆனால் அதில் இன்னும் பூ மிச்சமிருந்தது. கேம்பர்தான் குற்றவாளி என்றால் கேம்பர் கூடிய வலது டயர் அல்லவா முதலில் போயிருக்க வேண்டும்? இங்கே கேம்பர் குறைந்த பக்கமே அதிகம் தேய்ந்திருந்தது.

காரணம் டோவில் இருந்தது. 0.25 பாகை என்பது கேட்கச் சிறிய அளவுதான். ஆனால் அந்தக் கோணத்தில் உருளும் சில்லு, ஒவ்வொரு கிலோமீற்றர் ஓட்டத்துக்கும் 4 மீற்றருக்குச் சற்று அதிகமான தூரம் பக்கவாட்டில் இழுபடுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் என்று கொண்டால், ஒரு வழிப் பயணத்தில் மட்டும் அந்த டயர் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் தாரில் பக்கவாட்டாகத் தேய்க்கப்படுகிறது. கூடிய கேம்பர் அந்தத் தேய்வை உட்புற விளிம்பில் குவிக்கிறது. தேய்ப்பது டோ, எங்கே தேய வேண்டும் என்று தீர்மானிப்பது கேம்பர். பலர் இரண்டாவதை மட்டும் கண்ணால் காண்கிறார்கள், அதனால் அதையே குறை கூறுகிறார்கள்.

ஆனையிறவில் அவர் உணர்ந்ததற்கும் இதே அளவீடு விளக்கம் தந்தது. இடது சில்லு வெளிநோக்கியும் வலது சில்லு உள்நோக்கியும் இருந்தால் இரண்டும் இடப்பக்கத்தையே பார்க்கின்றன. அவ்வாறு பின் அச்சு முழுவதும் சராசரியாக 0.175 பாகை இடப்பக்கம் நோக்கியிருந்தது. நேரே ஓட்டுவதற்கு அவர் ஸ்டியரிங்கைச் சிறிது இடப்பக்கம் பிடித்தபடியே இருக்க வேண்டியிருந்தது. அதைப் பழகிவிட்டதால் அவர் அதைக் கவனித்திருக்கவில்லை. காற்று சேர்ந்த வேளையில் மட்டும் உணர்ந்தார்.

கீழே படுத்துப் பார்த்ததில் மூன்று விடயங்கள் தெரிந்தன. இடது பின் குறுக்கு ஆர்ம் நடுப்பகுதியில் ஏறத்தாழ 14 மில்லிமீற்றர் வளைந்திருந்தது. அது தகட்டை அழுத்திச் செய்த மூல ஆர்ம். வீதியின் இடது ஓரம் உடைந்து கிடந்த ஏதோவொரு இடத்தில் அடிபட்டிருக்க வேண்டும். இரண்டாவதாக, டிரெய்லிங் ஆர்ம்களின் முன் புஷ்கள், அதாவது முனைகளில் உள்ள இறப்பர் உறைகள், வெடித்துக் கிழிந்திருந்தன. நெம்புகோலை வைத்துத் தள்ளியபோது சில்லு கண்ணுக்குத் தெரியும்படி முன்பின் அசைந்தது. மூன்றாவதாக, டோ சரிசெய்யும் மையம் விலகிய போல்ட்கள் இரண்டும் துருவால் இறுகிப் போயிருந்தன. யாரேனும் சரிசெய்ய விரும்பியிருந்தாலும் முடிந்திருக்காது.

முதலாவது தீர்மானம்: பழுதை முதலில் நீக்குதல்

இந்த நிலையில் புதிய ஆர்ம் தொகுதியைப் பூட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உரிமையாளரிடம் விரிவாகவே பேசினேன். நீளம் மாற்றக்கூடிய ஆர்ம் எந்த இலக்கத்தையும் கருவித் திரையில் கொண்டுவந்து தரும். கிழிந்த புஷ்ஷை வைத்துக்கொண்டே டோவைச் சுழியத்துக்குக் கொண்டுவரலாம். கார் மேடையில் நிற்கும்வரை அது சுழியமாகவே இருக்கும். பிரேக் பிடித்த கணத்தில் சில்லு பின்னே இழுபட்டு வேறொரு திசையைப் பார்க்கும். ஆகவே வளைந்த ஆர்மையும் புஷ்களையும் முதலில் மாற்றி, திரும்ப அளந்து, அதன் பின்பும் மிஞ்சும் குறைக்கு மட்டுமே புதிய ஆர்ம் என்று முடிவு செய்தோம். அவருக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. ஆயினும் இடது, வலது டயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபின் ஒத்துக்கொண்டார்.

கழற்றும் வேலை எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது. ஹப் உடலினூடாகச் செல்லும் நீண்ட போல்ட் இந்தக் கார்களில் துருப்பிடித்து இறுகுவதற்குப் பெயர்போனது. பனிப்பொழிவுக் காலத்தில் வீதிக்கு உப்பிடும் நாடுகளில் இது அன்றாடத் தொல்லை. இங்கே பனியில்லை, ஆனால் தாம்போதிகளின் இருபுறமும் உவர்நீர்தான். காற்றோடு வரும் உப்புத் துமி காரின் அடியில் படிந்து, மாரியில் நனைந்து, கோடையில் காய்ந்து தன் வேலையைச் செய்கிறது. நட் கழன்றது, போல்ட் அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெயை இரவு முழுவதும் ஊறவிட்டோம், சூடாக்கினோம், சுத்தியலால் அடித்தோம். சூடாக்கியதில் ஆர்ம் முனைகளின் இறப்பர் புஷ்கள் எரிந்து பயனற்றுப் போயின. கடைசியில் இரு பக்கமும் போல்டை அறுத்து, ஹப்பில் எஞ்சிய துண்டைத் துளையிட்டு எடுத்தோம். அரை நாளில் முடியும் என்று நான் கணித்த வேலை இரண்டரை நாள் எடுத்தது.

இங்கே ஒரு விளைவு எதிர்பாராமல் வந்து சேர்ந்தது. நான்கு குறுக்கு ஆர்ம்களின் வெளிப் புஷ்களும் போய்விட்டபடியால், இனி எப்படியும் நான்கு ஆர்ம்கள் வாங்கியே தீர வேண்டும் என்ற நிலை உருவாயிற்று. மூல வகையா, நீளம் மாற்றக்கூடிய வகையா என்பதே மிஞ்சிய கேள்வி.

இரண்டாவது அளவீடு

பழைய உதிரிப்பாகக் கடையொன்றில் கிடைத்த, வளைவில்லாத நான்கு மூல ஆர்ம்களைத் தற்காலிகமாகப் பூட்டி, டிரெய்லிங் ஆர்ம்களுக்குப் புதிய இறப்பர் புஷ்களையும், நீண்ட போல்ட்களுக்கும் டோ போல்ட்களுக்கும் புதியவற்றையும் போட்டோம். கழற்றிய வளைந்த ஆர்மை நேரான ஒன்றோடு வைத்து, துளைக்குத் துளை அளந்தபோது அது 1 மில்லிமீற்றர் குட்டையாக இருந்தது. இரண்டு குறுக்கு ஆர்ம்களுக்கும் இடையிலான தூரம் 200 மில்லிமீற்றரை ஒட்டியது என்பதால், பின் ஆர்மின் அந்த 1 மில்லிமீற்றர் குறைவு சில்லை ஏறத்தாழக் கால் பாகை திருப்பப் போதுமானது. இடது சில்லில் நாம் கண்ட 0.25 பாகைக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

ஸ்ட்ரட்டின் அடிப் போல்ட்களையும் இளக்கி, துளை இடைவெளியில் இருபுறமும் ஒரே பக்கமாகத் தள்ளி இறுக்கிய பின் கிடைத்த கேம்பர்: இடது −2.3, வலது −2.4 பாகை. இருபுறமும் சமமாகிவிட்டது, ஆனால் கூடுதலாகவே இருந்தது. இதுதான் தாழ்த்திய ஸ்பிரிங்கின் உண்மையான பங்கு. டோ இப்போது புதிய போல்ட்களால் இலகுவாகச் சுழியத்துக்கு வந்தது.

இந்த நிலையிலேயே காரைக் கொடுத்திருக்கலாம். டயர் முன்னைவிட நெடுங்காலம் உழைத்திருக்கும். ஆனால் நீண்ட நேர்வீதியில், இருவரும் பொதிகளும் ஏறிய நிலையில், −2.3 பாகை இன்னும் கூடும். டயரின் வெளிப்பாதி தாரைச் சரியாகத் தொடாது. மழையில் பிரேக் பிடிக்கும்போது அது பாதுகாப்பு தொடர்பான விடயம். பந்தயத் தடத்தில் ஓடும் காருக்கு வேறு இலக்கம் பொருந்தலாம். இந்தக் கார் வீதியில் மட்டுமே ஓடுகிறது. −1.5 பாகையை இலக்காகக் கொண்டோம்.

தெரிவுக்கு முன்னிருந்த வழிகள்

முதலாவது வழி, மூல உயரத்துக்குத் திரும்புவது. நேர்மையாகச் சொன்னால் இதுவே சிறந்த வழி, உரிமையாளரிடமும் அப்படியே சொன்னேன். ஆனால் மூல ஸ்பிரிங்குகள் அந்த வேளையில் எங்கும் கிடைக்கவில்லை.

இரண்டாவது வழி, ஸ்ட்ரட்டையும் ஹப்பையும் இணைக்கும் மேல் போல்டுக்குப் பதிலாக மையம் விலகிய கேம்பர் போல்ட் போடுவது. செலவு மிகக் குறைவு. நமக்குத் தேவையான 0.8, 0.9 பாகையை அது தந்திருக்கும். இந்த வழியை ஏளனமாகப் பேசுவோர் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. ஆர்ம்கள் நல்ல நிலையில் இருந்திருந்தால் இதையே செய்திருப்பேன். இங்கே தடையாக இருந்தவை இரண்டு. கேம்பர் போல்ட் மூலத்தைவிட மெலிந்தது. அது தன் கோணத்தைப் பெரும்பாலும் இறுக்கத்தின் உராய்வால்தான் பிடித்து நிற்கிறது, ஆனால் இந்த ஸ்ட்ரட்டின் பிடித் தகடுகள் துருவால் குழி விழுந்திருந்தன. மேலும், ஆர்ம்கள் எப்படியும் வாங்கப்பட வேண்டியவை.

மூன்றாவது வழி, முன் குறுக்கு ஆர்ம் இரண்டை மட்டும் நீளம் மாற்றக்கூடியதாக வாங்கி, பின் ஆர்மை மூல டோ போல்டால் ஈடுசெய்வது. சிறிய மாற்றத்துக்கு இது போதும். ஆனால் இந்தக் காரில் ஆர்ம் நீளத்தின் ஒவ்வொரு மில்லிமீற்றரும் கேம்பரை ஏறத்தாழ 0.1 பாகைதான் மாற்றுகிறது. ஆகவே 8 முதல் 9 மில்லிமீற்றர் குறைப்புத் தேவைப்பட்டது. அவ்வளவு தூரத்தை டோ போல்ட் ஈடுசெய்யாது. செய்தாலும் டோவைச் சரிசெய்ய இடம் மிஞ்சாது.

ஆகவே நான்கு குறுக்கு ஆர்ம்கள் என்று முடிவாயிற்று. டிரெய்லிங் ஆர்ம்களை நீளம் மாற்றக்கூடியவையாக வாங்கவில்லை. முன், பின் சில்லுகளுக்கு இடையிலான தூரத்தை இருபுறமும் அளந்தபோது 2 மில்லிமீற்றர் வித்தியாசமே இருந்தது. அங்கே சரிசெய்வதற்கு ஒன்றும் இல்லை.

ஆர்மைத் தெரிவு செய்த விதம்

பட்டியலில் உள்ள படங்கள் எல்லா ஆர்ம்களையும் ஒரே மாதிரிக் காட்டுகின்றன. நாம் கேட்ட முதற் கேள்வி மிகக் குறுகிய நீளம் என்ன என்பதே. சந்தையில் உள்ள பல ஆர்ம்கள் எதிர்மறைக் கேம்பரைக் கூட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. அவை மூல நீளத்திலிருந்து நீள்வதற்குத் தாராளமாக இடம் கொடுக்கும், குறுகுவதற்கு இடம் கொடா. உரிமையாளர் முதலில் விரும்பிய தொகுதியின் குறுக்கு ஆர்ம், முழுவதும் உள்ளே திருகினாலும் மூல நீளத்தைவிட 4 மில்லிமீற்றர் மட்டுமே குட்டையாகக்கூடியது. நமக்கு 9 வேண்டும். அதை வாங்கியிருந்தால் பணமும் போய், கேம்பர் −1.9 பாகையில் நின்றிருக்கும்.

அடுத்தது முனைகளின் வகை. இதில்தான் கூடுதலான நேரம் சென்றது. முனைகளில் ரோஸ் ஜொயின்ட் எனப்படும் உருண்டை மூட்டுக் கொண்ட ஆர்ம் சிறிதும் நெகிழாது, எல்லாத் திசையிலும் தடையின்றி அசையும். ஆனால் மூடியில்லாத உருண்டை மூட்டுக்குள் புழுதியும் உப்பும் புகுந்தால் தேய்ந்து தட்டத் தொடங்கும். தட்டும் மூட்டு அலைன்மென்ட்டை, அதாவது சில்லுகளின் கோண அமைப்பை, பிடித்து வைக்காது. செம்மண் புழுதியும் உவர்க்காற்றும் உள்ள ஊரில், அடிக்கடி கழற்றிப் பார்க்க விரும்பாத ஒருவரின் காருக்கு இது உகந்ததல்ல. இன்னொரு நுட்பமும் உண்டு. இந்தக் காரில், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் பின் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்பு, குறுக்கு ஆர்ம் ஒன்றில் பக்கவாட்டாகப் பிடிக்கிறது. இரு முனையிலும் உருண்டை மூட்டு இருந்தால், அந்த இணைப்பு தரும் விசையால் ஆர்ம் தன் அச்சிலேயே புரள முயலும்.

பொலியூரித்தேன் புஷ் உப்புக்கும் எண்ணெய்க்கும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். உரிமையாளர் அதையே விரும்பினார். நான் தயங்கியதற்குக் காரணம், சில்லு மேலும் கீழும் போகும்போது டிரெய்லிங் ஆர்ம் ஒரு வில்வழியில் அதைச் சற்று முன்பின்னாகவும் கொண்டுசெல்கிறது என்பதே. ஆகவே குறுக்கு ஆர்மின் முனை சுழன்றால் மட்டும் போதாது, பக்கவாட்டிலும் கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும். இறப்பர் அதை இயல்பாகச் செய்யும். கடினமான பொலியூரித்தேன் செய்யாது. எதிர்த்து நிற்கும், அந்தச் சுமை புஷ்ஷின் விளிம்பிலும் ஆர்மின் பற்றவைப்பிலும் போய்ச் சேரும்.

ஈற்றில் இரு முனைகளிலும் மூலத்தைவிடக் கடினமான இறப்பர் புஷ்ஷும், நடுவே ஒரு பக்கம் இடது மரையும் மறுபக்கம் வலது மரையும் கொண்ட திருகு குழலும், இரு பக்கமும் குழல் திரும்பாமல் பூட்டும் லொக் நட்டும் உள்ள உருக்குக் குழாய் ஆர்மைத் தெரிவு செய்தோம். நடுவில் திருகும் வகையை வலியுறுத்தியது நான்தான். ஒரு முனையில் மட்டும் மரை உள்ள ஆர்ம் மலிவானது, ஆனால் நீளத்தை மாற்றும் ஒவ்வொரு தடவையும் போல்டைக் கழற்றி முனையைத் திருப்ப வேண்டும். அந்த நீண்ட போல்டோடு பட்ட பாட்டுக்குப் பின் அதை மீண்டும் மீண்டும் கழற்ற எவருக்கும் மனம் வராது. நடுக் குழலென்றால் கார் அளவீட்டு மேடையில் நிற்கும்போதே திருப்பலாம். மரையின் இடைவெளி 1.5 மில்லிமீற்றர், இரு பக்கமும் எதிரெதிர் மரை என்பதால் ஒரு முழுச் சுற்று 3 மில்லிமீற்றர், அதாவது கேம்பரில் ஏறத்தாழ 0.3 பாகை. டோவுக்கு இது மிகவும் கரடுமுரடான அளவு. அதனால் கேம்பரை ஆர்மிலும் டோவை மூலப் போல்டிலும் முடிப்பது என்று வகுத்துக்கொண்டோம்.

பூட்டிய விதமும் அதில் நேர்ந்த தவறும்

நான்கு ஆர்ம்களையும் காரில் ஏற்றுவதற்கு முன், ஒரு பலகையில் இரண்டு ஊசிகளை அடித்து மூல நீளத்தைவிட 8.5 மில்லிமீற்றர் குறைவாக ஒரே அளவில் அமைத்தோம். குறைத்த நீளத்தில் இழுவைத் தண்டின் மூட்டு உட்பக்கம் தட்டுகிறதா என்றும் சில்லைக் கீழிருந்து மேல்வரை தூக்கிப் பார்த்தோம். போதிய இடம் இருந்தது. புதிய நீண்ட போல்ட்களுக்குத் துரு இறுகாமல் தடுக்கும் பசையைத் தடித்துப் பூசினோம். மேடையில் இறுதியாகக் கிடைத்தவை: கேம்பர் இருபுறமும் −1.5 பாகை, டோ ஒவ்வொரு சில்லுக்கும் 0.08 பாகை உள்நோக்கி. இந்த டயர் விட்டத்தில் அது ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. சிறிதளவு உள்நோக்கு, காற்றில் பின்பக்கத்தை நிதானப்படுத்தும் என்பதால் சுழியத்தில் விடவில்லை.

தவறு வலப் பக்கத்தில் நடந்தது. இறப்பர் புஷ்ஷின் போல்டை, கார் தன் சில்லுகளில் நிற்கும் உயரத்தில் வைத்தே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால், காரை இறக்கியதும் புஷ் முறுகி, ஒரு ஸ்பிரிங் போல மேலே தள்ளிக்கொண்டிருக்கும், விரைவில் கிழியும். இடப் பக்கத்தில் அப்படியே செய்தோம். வலப் பக்கத்தின் உள் போல்ட் இரண்டும் ஜாக்கில் தொங்கியபோதே இறுக்கப்பட்டுவிட்டன. வேலையை மேற்பார்வை செய்த நான் அதைச் சரிபார்க்கவில்லை. 400 கிலோமீற்றர் ஓடி வந்த பின் வலப் பின்பக்கம் 8 மில்லிமீற்றர் உயர்ந்து நிற்பதை உரிமையாளரே கண்டு சொன்னார். போல்ட்களை இளக்கி, காரை முன்பின் உருட்டி அமரவிட்டு, கையேட்டில் உள்ள முறுக்கு விசைக்கு டோர்க் ரெஞ்சால் இறுக்கினோம். உயரம் சமமாயிற்று.

தொடர்ந்து நடந்தவை

1,100 கிலோமீற்றரில் செய்த பரிசோதனையில் இடது முன் ஆர்மின் லொக் நட் இரண்டும் இளகியிருந்தன. குழல் ஆறிலொரு சுற்றுத் திரும்பி, அந்த ஆர்ம் அரை மில்லிமீற்றர் நீண்டிருந்தது. அவ்வளவில் இடது சில்லின் டோ 0.08 உள்நோக்கிலிருந்து 0.04 வெளிநோக்குக்குப் போயிருந்தது. உரிமையாளர் எதையும் உணரவில்லை. திரும்ப அமைத்து, நட்களை இறுக்கி, நட்டுக்கும் குழலுக்கும் குறுக்காக நிறமைக் கோடு ஒன்று போட்டோம். கோடு உடைந்தால் நட் அசைந்திருக்கிறது. கார் கழுவும்போது குனிந்து பார்த்தாலே தெரியும். அதன் பின் எந்த நட்டும் அசையவில்லை.

ஆனையிறவு வெளியில் கார் இப்போது நேரே போவதாகவும், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் பிடித்திருந்ததே அது இல்லாமற்போன பின்புதான் தெரிந்ததாகவும் அவர் சொன்னார். அது அவருடைய உணர்வு. அளவீடு சொல்வது வேறொன்று: புதிதாகப் போட்ட பின் டயர்களின் பூ ஆழம் தொடக்கத்தில் 7.6 மில்லிமீற்றர், 10,000 கிலோமீற்றரில் உட்புறம் 5.8, வெளிப்புறம் 6.2. முந்தைய டயர்கள் இந்தத் தூரத்தை எட்டவே இல்லை. இடது டயருக்கும் வலது டயருக்கும் இடையில் அளக்கத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை.

மாரி முடிந்த தை மாதத்தில் பார்த்தபோது, திருகு குழல்களின் வெளியே தெரியும் மரையில் துரு தொடங்கியிருந்தது. நாகப் பூச்சு ஒரு மாரிக்குக் கூடத் தாங்கவில்லை. மரையைக் கம்பித் தூரிகையால் துடைத்து, தடித்த கிறீஸ் பூசி, இறப்பர்க் குழாய்த் துண்டுகளை நீளவாக்கில் வெட்டி மேலே போர்த்திக் கட்டினோம். புஷ்களில் வெடிப்பு இல்லை; தட்டும் ஓசை இல்லை.

மாற்றிச் செய்யக்கூடியவை

இதே வேலை மீண்டும் வந்தால், நீண்ட போல்ட் அசைகிறதா என்று முதல் நாளிலேயே முயன்று பார்ப்பேன். அது இறுகியிருந்தால் ஆர்ம்களின் புஷ்கள் தப்பாது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். உரிமையாளரும் செலவை முழுமையாக அறிந்து தீர்மானிப்பார். இந்த நிகழ்வில் அவர் இடைநடுவே, கார் ஜாக்கில் நிற்கும்போது, அந்தச் செய்தியைக் கேட்க நேர்ந்தது. அது நியாயமல்ல.

மரையை மூடும் உறைகளை ஓட்டத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். லொக் நட்டின் நிறமைக் கோட்டையும் அப்படியே. புஷ் போல்ட்களை இறுக்கும் வேலையை இப்போது கார் சில்லில் நிற்கும் மேடையில் மட்டுமே செய்கிறோம். இறுக்கியவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர்.

உயரம் பற்றிய கேள்வி இன்னும் முடியவில்லை. அண்மையில் உரிமையாளருக்கு மூல அளவிலான ஒரு சோடிப் பின் ஸ்பிரிங் கிடைத்திருக்கிறது; முன் சோடியைத் தேடிக்கொண்டிருக்கிறார். நான்கும் பூட்டப்பட்டால் கேம்பர் நேர்மறைப் பக்கம் நகரும், ஆர்ம்களை ஏறத்தாழ மூல நீளத்துக்கு நீட்ட வேண்டிவரும். இப்போதைய நிலையில் ஒவ்வொரு முனையிலும் 30 மில்லிமீற்றர் மரை குழலுக்குள் இருக்கிறது, 8.5 மில்லிமீற்றர் நீட்டினாலும் 25 மில்லிமீற்றருக்கு மேல் உள்ளேயே நிற்கும். 16 மில்லிமீற்றர் தடிப்புள்ள மரைக்கு அது போதுமானது.